குழாயில் இறங்கிய கரன்ட்

"காலையில குழாயைத் தொட்டதும் சுரீர்னு இழுத்துச்சு தம்பி. அதான் உடனே உங்களைக் கூப்பிட்டேன்," என்றாள் அவள், குளியலறை வாசலை விட்டுத் தள்ளி நின்றபடி.

"வீட்ல குழந்தைங்க இருக்காங்களா அக்கா?" என்று கேட்டான் எலக்ட்ரீஷியன்.

"ஒரே பொண்ணுதான். இந்தப் பக்கம் எட்டியே பார்க்காதேன்னு சொல்லி, பத்திரமான இடத்துக்கு அனுப்பிட்டேன்."

"நல்ல வேலை செஞ்சீங்க."

அவன் அந்த வீட்டு மெயின் சுவிட்சை அணைத்தான். மின்விசிறி நின்றது. பிறகு டெஸ்டரைக் குழாயில் வைத்தான். அது பளிச்சென்று எரிந்தது.

அவன் முகம் வெளுத்தது. "அக்கா, இது உங்க வீட்டு கரன்ட் இல்ல. மாடி வீட்டுக்கும் உங்களுக்கும் ஒரே இரும்புக் குழாய். மேல வாட்டர் ஹீட்டர்ல கரன்ட் கசியுது. எர்த் கம்பி சரியா இருந்தா மண்ணுக்குள்ள போயிருக்கும். அது இல்லாம குழாய்ல இறங்குது. இங்கயே இப்படின்னா, மேல தொட்டா ஆள் பிழைக்கிறது கஷ்டம்."

அவள் சட்டென மாடியை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஐயோ! அங்கதானே அவளைக் குளிக்க அனுப்பினேன்!"

மாடி வீட்டு ஃபியூஸைப் பிடுங்க அவன் மீட்டர் பெட்டிக்குப் பாய்ந்தான். அவள் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள். திறந்து கிடந்த வீட்டுக்குள் புகுந்து குளியலறைக் கதவை இரு கைகளாலும் அறைந்தாள்.

"கண்ணு! கண்ணு!"

பதில் இல்லை. தோளால் கதவை முட்டினாள்.

தாழ்ப்பாள் விலகியது. உலர்ந்த துண்டைத் தோளில் போட்டபடி மகள் நின்றாள்.

"ஏம்மா கத்துற? குழாயைத் திறக்கக் கை நீட்டினேன், பட்டுனு லைட் போயிடுச்சு. இருட்டுல தாழ்ப்பாளைத் தேட வேண்டாமா?"

மகளின் இரண்டு கைகளையும் பிடித்தவள், வெகுநேரம் விடவே இல்லை.