ரெண்டு சாவியும் காணோம்

"எவன்டா எடுத்தான் என் சாவியை?"

மாமனாரின் தொண்டை ஸ்டார்ட் ஆகிவிட்டது. அதற்கு மட்டும் சாவி தேவைப்படுவதில்லை.

வீட்டைச் சுற்றி அரை ஏக்கர் புல்வெளி. பின்பக்கம் சரிவு. அதை வெட்ட, ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற மிஷின் ஒன்று ஷெட்டில் நிற்கிறது. மீசையை முறுக்கிக்கொண்டு அவர் அதில் ஏறினால் ராஜா தேர் ஏறின மாதிரி இருக்கும். வேறு யாரும் தொடக் கூடாது.

"எங்கயாவது வச்சிருப்பீங்கப்பா. நல்லாத் தேடுங்க" என்றான் மகன், செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

"எங்கயாவது வைக்கிறவனா நான்? ஆயுசு பூரா லாரி ஓட்டினவன்டா! ஆணியில மாட்டினா ஆணியிலதான் இருக்கும்!"

"அலமாரியில மாத்துச் சாவி இருக்குமே?"

"அதையும் காணோம்டா!"

ஒன்று காணோம் என்றால் மறதி. ரெண்டும் காணோம் என்றால்?

மாமியாருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. சமையலறைப் பக்கம் திரும்பிக் குரலை ஏற்றினாள். "கால் முளைச்சு நடந்து போயிருக்கும்ங்க! இந்த வீட்டுல அந்த மிஷினைக் கண்டா யாருக்கு ஆகாதுன்னு எனக்குத் தெரியாதா என்ன?"

மருமகள் கரண்டியோடு வெளியே வந்தாள். "ஜாடை எதுக்கு அத்தை? நேராவே கேளுங்க."

"சரி, கேட்கிறேன். எடுத்தியா?"

"எடுக்கல."

"போன மாசம் அந்தக் குதி குதிச்சியே?"

குதித்தது உண்மைதான். மாமனார் நாலு வயதுப் பேத்தியை மடியில் உட்கார வைத்துக்கொண்டு மிஷினை ஓட்டினார். "அது விளையாட்டு வண்டியில்ல மாமா, அடியில சுத்துறது கத்தி. புல் வெட்டும்போது பாப்பா வெளியிலயே இருக்கக் கூடாது" என்று இவள் சொல்ல, "எனக்கே டிரைவிங் சொல்லித் தர்றியா?" என்று அவர் எகிற, அதிலிருந்து இருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"அப்ப சொன்னதை இப்பவும் சொல்வேன் அத்தை. ஆனா சாவியை நான் தொடல."

மகன் இப்போதுதான் செல்போனைக் கீழே வைத்தான். "ஏய், விளையாடாத. புல்லு பாதி வெட்டினபடியே கிடக்கு. எடுத்திருந்தா கொடுத்துடு."

"நீங்களுமா? உங்க பொண்டாட்டி திருடியா?"

"திருடின்னு யார் சொன்னா? நீயா சொல்லிக்கிற."

"ஆமா, எனக்கு நானே பட்டம் கொடுத்துக்கிறேன், ஆசை பாருங்க! வீட்டையே சோதனை போடுங்க. என் பொட்டியிலேருந்து ஆரம்பிங்க. ஷெட்டையும் விடாதீங்க!"

மாமனார் நாற்காலியை எட்டி உதைத்தார். "இந்த வீட்டுல நான் வெட்டி ஆள்னு முடிவே பண்ணிட்டீங்க இல்ல? என் சாவி வர்ற வரைக்கும் எனக்குச் சாப்பாடு வேண்டாம்! பச்சைத் தண்ணி வேண்டாம்!"

விருட்டென்று ஷெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"மனுஷன் பட்டினி. இப்ப உனக்கு மனசு குளிர்ந்துதா?" மாமியார் மூக்கைச் சிந்தினாள். "சாவியைக் கொடு. இல்லேன்னா பொட்டியைக் கட்டிக்கிட்டு உங்கப்பா வீட்டுக்குக் கிளம்பு."

மருமகளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. கரண்டியை வீசிவிட்டு ஷெட்டை நோக்கி நடந்தாள். நான் எடுத்ததை நீங்க கண்ணால பார்த்தீங்களா என்று அந்த மனுஷரிடமே கேட்டுவிட வேண்டும்.

கதவைத் தள்ளினாள்.

மாமனார் தரையில் குந்தி உட்கார்ந்து, காலி ஆயில் டின்னுக்குள் ஒரு பழந்துணியைத் திணித்துக்கொண்டிருந்தார். துணிக்குள்ளிருந்து சாவி ரெண்டும் எட்டிப் பார்த்தன.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"நீங்களா மாமா? என்னை அங்க நிக்க வச்சுத் தோலை உரிச்சாங்களே, கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"கத்தாதம்மா."

"ஏன் கத்தக் கூடாது?"

"போன ஞாயித்துக்கிழமை..." வீட்டையே அதிர வைக்கிற தொண்டையில் வெறும் காற்றுதான் வந்தது. "சரிவுல மிஷினைப் பின்னாடி எடுத்தேன். கழுத்து திரும்பல. ரொம்ப நாளாவே திரும்பறதில்ல. குத்துமதிப்பா எடுத்துட்டேன். என்னமோ தோணி, பிரேக்கை மிதிச்சு நிறுத்தி இறங்கிப் பார்த்தா... பாப்பா. பின்சக்கரத்துக்கிட்ட உட்கார்ந்து பூப் பறிச்சுக்கிட்டிருக்கா."

மருமகள் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு சாண் இருந்துதும்மா. அவ்வளவுதான்."

"இதைச் சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"என்னன்னு? லாரிக்காரனால பின்னாடி திரும்பிப் பார்க்க முடியலன்னா?" சாவிகளை எடுத்து நீட்டினார். "இந்தா. கொண்டுபோய்க் காட்டு. நான்தான் ஒளிச்சேன்னு சொல்லிடு."

அவள் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு வெளியே நடந்தாள்.

வாசலிலேயே மாமியார் மறித்தாள். "கையில என்ன? சாவியா? யார்கிட்ட இருந்துதாம்?"

மருமகள் ஒரு தடவை ஷெட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்கிட்டதான். நான்தான் எடுத்தேன். திருப்பித் தரவும் மாட்டேன். பாப்பா இருக்கிற வீட்டுல மாமா அந்த மிஷின்ல ஏறக் கூடாது."

"அடிப்பாவி! இவ்வளவு நேரம் பேசினது பூராப் பொய்யா? டேய், இப்பவே இவ பொட்டியைக் கட்டுடா!"

மகன் வாயைத் திறப்பதற்குள் ஷெட்டுக் கதவு படாரென்று திறந்தது.

"எவளும் எங்கயும் போக வேண்டாம்!" தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினார் மாமனார். "இந்த அடங்காப்பிடாரியோட எவன் மல்லுக்கட்டுறது? இனிமே அந்த மிஷினை நான் தொடவே மாட்டேன், போதுமா?"