கூண்டுப் பலகைத் தேய்மானம்

பதினேழு வருஷமாக நடந்த பம்புசெட் திருட்டு வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டு நீதிபதி சாப்பிடப் போனார். தவசிக்கனி கூண்டைவிட்டு இறங்கி, விடுதலைக் காகிதத்துக்குக் கை நீட்டினார். அது இல்லாமல் வீட்டுக்குப் போனால் மகளுக்குப் பேசிவைத்த கல்யாணம் நின்றுபோகும். பெஞ்ச் கிளார்க் ஆவுடையப்பன் அதற்குப் பதிலாக ஒரு சீட்டைக் கொடுத்தார். கூண்டுப் பலகைத் தேய்மானம், ஆறாயிரத்து நானூறு ரூபாய்.

“நான் குத்தவாளி இல்லன்னு இப்பத்தானே ஐயா சொன்னாங்க?”

“குத்தவாளின்னா அரசாங்கம் கட்டிரும்வே. நீரு வழக்குக்குச் சம்பந்தமே இல்லாத ஆளு. சம்பந்தமில்லாத ஆளு எங்க பலகையில எதுக்குவே பதினேழு வருஷம் நின்னீரு?”

தவசிக்கனி திரும்பிக் கூண்டைப் பார்த்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வாய்தாவுக்கு வாய்தா அவர் நின்ற இடத்தில், தேக்குப் பலகை இரண்டு குழியாக உள்வாங்கியிருந்தது. இடது குழியில் அவருடைய கோணல் சுண்டுவிரல்கூட அச்சாகப் பதிந்திருந்தது. இல்லையென்று சொல்ல வழியில்லை.

“நாளைக்கே ஆசாரியைக் கூப்பிட்டு அடைக்கணும், பணத்த எடும்” என்றார் ஆவுடையப்பன்.

அடுத்த வழக்கில் முதல் வாய்தாவுக்கு வந்த ஒருவர், இடம் காலியென்று அதற்குள் கூண்டில் ஏறியிருந்தார். வெறுங்காலைக் குழிகளில் வைத்து, முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தார்.

“ஐயா, இத அடைச்சிராதீங்க. காலுக்கு நல்ல வாகா இருக்கு. பாதிப் பணத்த நான் தாரேன். நானும் ஒண்ணும் செய்யாத ஆளுதான், ரொம்ப நாள் நிக்கணும்லா.”