நெட்டை நாற்காலி

இடப்பக்கம் ஜன்னல் வெளிச்சம் விழும்படி தையல் மெஷினைப் போட்டு, புது நாற்காலியும் வைத்தார் சேஷன். அதில் உட்கார்ந்த அவர் மனைவி வத்சலாவுக்குப் பெடலுக்குக் கால் எட்டவில்லை.

"இது எந்த நெட்டைக்கு வாங்கினது?"

சேஷன் சிரித்தார்.

"மூணு மாசமா ஆபீஸ்லேர்ந்து லேட்டா வரேள். யார் அவ?"

"அச்சா, எழுந்திரு" என்றவர், தானே உட்கார்ந்து அவளுடைய ரவிக்கைக்குக் கை தைக்க ஆரம்பித்தார்.

"உன் முதுகுக்கு மெஷின் ஆகாதுன்னு டாக்டர் என்கிட்ட சொன்னார். நீ கேக்கமாட்டே. அதான் கோல் மார்க்கெட்ல நான் தையல் கிளாஸ் போனேன்."

வத்சலா குனிந்து அவர் போட்ட தையலைப் பார்த்தாள்.

"கூச்சமாத்தான் இருந்தது. அங்கே நான் ஒருத்தன்தான் ஆம்பளை."

வத்சலா சட்டென்று நிமிர்ந்தாள்.

"மத்தவாளுக்கெல்லாம் கல்யாணம் ஆயிடுத்தா?"