தள்ளிப்போன நாள்

“கரு எதுவும் இல்லம்மா. யூரின் டெஸ்ட்லயும் இல்ல, ஸ்கேன்லயும் இல்ல” என்றார் டாக்டர் தாரணி.

நோரா படுத்தபடியே நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

இரண்டாவது பையன் பிறந்தபோது ரத்தம் நிற்காமல் சாகக் கிடந்தவள் அவள். இன்னொரு பிரசவத்தை இந்த உடம்பு தாங்காது என்று அப்போதே சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

இந்த முறை நாள் தள்ளிப்போனதும் பயந்துபோய்க் கணவன் காஸ்பரிடம் சொன்னாள். பட்டினப்பாக்கத்துக்காரர்கள் யார் கண்ணிலும் பட வேண்டாம் என்று இருவரும் பஸ் ஏறி அசோக் நகர் வரை வந்திருந்தார்கள்.

“மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?”

நோரா தயங்கினாள். பிறகு பர்ஸைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினாள். கருத்தடை மாத்திரை. மாமியாருக்குத் தெரிந்தால் பாவம் என்று கத்தித் தீர்த்துவிடுவாள். எப்படியும் அவள் காதுக்குப் போய்விடும் என்று காஸ்பரிடம்கூடச் சொல்லவில்லை. இரண்டு மாதமாக மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

டாக்டர் அட்டையைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைக் கர்ப்பப்பையில் வேலை செய்ய விடாத மாத்திரை இது என்றார். கரு உண்டானாலும் வந்து ஒட்டிக்கொள்ள உள்ளே மெத்தை தயாராகியிருக்காது. ஆரம்பத்தில் சிலருக்கு மாதவிலக்கும் தள்ளிப்போகும். பயப்பட ஒன்றுமே இல்லை.

நோராவுக்கு அவர் கையைப் பிடித்து முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது.

வெளியே வாசல் படியருகே நின்றிருந்தான் காஸ்பர்.

அவள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். மாத்திரையை ஒளித்துவைத்ததையும் சேர்த்து. திட்டுவான் என்று எதிர்பார்த்தாள்.

அவன் அப்படியே படியில் உட்கார்ந்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டான். முதுகு குலுங்கியது.

நோரா குனிந்து அவன் தோளைத் தொட்டாள்.

“பொண்ணு பொறக்கும்னு ஆசப்பட்டுக்கினு இருந்தியாய்யா?”

இல்லை என்று தலையாட்டினான்.

“போன வருசமே நான் ஆப்ரேசன் பண்ணிக்கினேன், நோரா. இனிமே உனக்குப் புள்ளயே தங்கக் கூடாதுன்னு. பசங்க கலாய்ப்பானுங்கோன்னு யாராண்டயும் சொல்லல.”

அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். இந்த முரட்டு ஆளா, தனக்காகவா என்று நெஞ்சு நிறைந்து வந்தது. அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பிறகுதான் மற்றது உறைத்தது. ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவனிடம் போய், நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள்.

“அப்போ இத்தினி நாளா நீ இன்னாய்யா நெனச்சிக்கினு இருந்தே?”

காஸ்பர் மூக்கைத் துடைத்துக்கொண்டு பஸ் வருகிறதா என்று பார்த்தான்.

நாள் தள்ளிப்போனதை அவள் சொன்னதிலிருந்து அவன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மறுநாள் விடியற்காலையில் எழுந்து, அவளுக்கு முன்னால் தெருக்குழாய்க்குப் போய்விட்டான். அன்றிலிருந்து தண்ணீர்க் குடம் எதையும் அவளைத் தூக்கவே விடவில்லை.