பூஜ்ஜியம் கிலோ

"பத்தரை வரைக்கும் பாக்கலாம் யுவராணி. அதுக்கு மேல நான் கிளையன்ட்டுக்குப் பதில் சொல்லியாகணும்" என்றார் வேல்முருகன், சென்னையிலிருந்து, லேப்டாப் திரையில்.

மணி பத்து ஐந்து.

மீன் வாங்கி ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றுக்கான வேலை அது. எந்தப் படகு, என்ன மீன், எத்தனை கிலோ, எந்த இடத்தில் பிடித்தது என்று எல்லாம் பதிவாக வேண்டும். படகில் செல்போன், மரக்காணம் ஏலக்கூடத்தில் கம்ப்யூட்டர், சென்னை அலுவலகத்துக்கு இணையதளம்.

எந்த டேட்டாபேஸ் என்பதில்தான் ஒரு வாரமாக இழுபறி.

இணையத்தில் ஒன்றே ஒன்று போதும் என்பது அவர் கட்சி. எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும், பராமரிப்பதும் சுலபம்.

ஒவ்வொரு போனிலும் சின்னதாக ஒன்று தனியாக இருக்கட்டும், சிக்னல் கிடைத்ததும் உள்ளதையெல்லாம் இணையத்துக்கு அனுப்பட்டும் என்பது அவள் கட்சி.

"நடுக்கடல்ல டவர் ஏது சார்? அங்கயே எழுதி வைக்க ஒரு எடம் வேணும்ல?"

"கரைக்கு வந்து எழுதட்டுமே. ரெண்டு எடத்துல இருந்தா, ரெண்டும் ஒத்துப்போவுதான்னு யாரு பாக்கறது?"

"நான் பாக்கறேன் சார்."

சோதனைக்காக இன்று ஒரு போன் கடலுக்குப் போயிருந்தது. மூன்றாம் எண் போன். யார் படகு என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

வழக்கமாக ஒன்பதரைக்குள் அந்தப் படகு டவர் எட்டும் தூரத்துக்கு வந்துவிடும்.

அவளுக்குப் பின்னால் இருந்த வீட்டு ஜன்னலில் உப்பளம் தெரிந்தது; அவருக்குத் தெரிந்ததும் அதுதான். கடல் வாசல் பக்கம். அது கண்ணில் படும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டிருந்தாள்.

பத்து இருபது. காலையில் போட்ட டீ ஆடை கட்டிக் கிடந்தது.

பத்து இருபத்தாறுக்குத் திரையில் ஒரு வரி விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு மளமளவென்று ஏழு.



வேல்முருகன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மேலிருந்து படித்தார். "சங்கரா பன்னெண்டு கிலோ. நண்டு நாலு. கானாங்கத்த இருபது... நேரம், இடம் எல்லாம் கரெக்டா வந்திருக்குதே! இதென்ன கடைசில? எடை பூஜ்ஜியம் கிலோ. எரரா?"

அவள் பார்ப்பதற்குள் அவர் குறிப்பு என்ற கட்டத்தைப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

"கோச்சிக்காத ராணி. நான் அப்டி பேசிருக்கக் கூடாது. படகு தள்ளும்போது திரும்பித் திரும்பிப் பாத்தேன், நீ கரைக்கு வரல. பட்டினியா உக்காந்திருக்காத, எதுனா சாப்..."

நிறுத்திக்கொண்டார்.



"எங்க வீட்டுக்காரருங்க சார்" என்றாள் யுவராணி, திரையைப் பார்க்காமல்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க வேண்டியதற்கு மேலேயே துடைத்தார்.

"போன்லயே ஒண்ணு இருக்கட்டும்மா. கிளையன்ட்டுக்கு நான் சொல்லிக்கறேன். அந்தக் கடைசி வரி நம்ம டேட்டா இல்ல, நீயே எடுத்து வச்சிக்கோ."

திரையில் அவர் முகம் மறைந்தது.

அவள் அந்த வரியை மறுபடி திறந்தாள். மீன் பெயரும் எடையும் போடாமல் எதையும் சேமிக்க முடியாதபடி அவள்தான் செய்திருந்தாள். அதற்காக அவள் கணவன் மோகன், மீன் என்ற இடத்தில் 'மற்றவை' என்று தேர்ந்தெடுத்து, எடைக்குப் பூஜ்ஜியம் போட்டிருந்தான்.

பக்கத்துக் கட்டத்தில் பதிவான நேரம் இருந்தது.

பட்டியலில் புதியது மேலே வரும், பழையது கீழே போகும். முதல் மீன் பதிவானது ஆறே காலுக்கு. இது நாலு நாற்பதுக்கு. வலையைக் கடலில் இறக்குவதற்கு முன்பே. சிக்னல் போன பிறகுதான் அவனுக்கு வாய் வந்திருக்கிறது.

விடிந்ததிலிருந்து அவள் ஒருத்திதான் கோபமாக இருந்திருக்கிறாள்.