லேண்ட்மாஸ்டர் மேல் ஒரு கேரியர்

“ஒரு கீறல் விழுந்தாலும் எம் மக நிச்சயதார்த்தம் நின்னு போயிரும். பைய வையும் வே!” என்று கத்தினார் நடராஜ்.

காரின் கூரைமேல் கேரியரைத் தூக்கிப் பிடித்திருந்த மாரிக்கண்ணு அப்படியே நின்றார். “சொந்தக் காரா இருந்தா இந்தப் பாடு படுத்த மாட்டீரு. நாலு காலுக்கும் சைக்கிள் டியூபு சுத்தியாச்சு, அதுக்கு அடியில கம்பளியும் போட்டாச்சு. இன்னும் என்ன வே?”

சொந்தக் கார் இல்லை என்பதுதான் பிரச்சினையே. மயில்கழுத்து நிறத்தில் பளபளத்த அந்தப் பழைய லேண்ட்மாஸ்டர், மாப்பிள்ளையின் அப்பா சிவசண்முகத்துடையது. பெயிண்ட் அடிக்கக் கோயம்புத்தூர் வரை கொண்டுபோன மனிதர். அதன்மேல் காக்கை உட்கார்ந்தால்கூட அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

“சீக்காளி அத்தைய பஸ்ஸுல அலைக்கழிக்காதீரும். சீவலப்பேரிக்கு நம்ம காரக் கொண்டுபோயி கூட்டிட்டு வாரும்” என்று காலையில் சாவியை அவரேதான் கொடுத்தார். கொடுத்த கையோடு, “கூரை மேல மட்டும் ஒரு துரும்பு ஏறப்பிடாது. போன வருசம் கேரியர் மாட்டி பெயிண்டை உரிச்சுட்டான்னு, கூடப் பிறந்த தம்பிகிட்டயே நான் பேச்சை நிறுத்திட்டேன்” என்றும் சொல்லிவைத்தார்.

உடன்பிறந்தவனையே ஒதுக்கியவர், சம்பந்தியையா விட்டுவைப்பார்?

ஆனால் வீட்டில் மனைவி நீலாம்பாள், வாசலில் குலைவாழை கட்டாமல் என்ன நிச்சயதார்த்தம் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். சீவலப்பேரி சிநேகிதர் மாரிக்கண்ணு தன் தோப்பில் வாழையை வெட்டிப் போட்டுக் காத்திருந்ததுதான் மிச்சம், ஏற்றிப்போக வேண்டிய டெம்போ வரவே இல்லை. ஆபத்துக்குப் பாவமில்லை என்று, டாக்சிக்காரர் ஒருவரிடம் கேரியரை இரவல் வாங்கினார் நடராஜ். தெரு முனையிலேயே வாழையை இறக்கிக் கேரியரையும் கழற்றிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

“வாழைக்கறை பட்டா அவ்வளவுதான், பெயிண்டு போச்சு” என்று, இரண்டு மரங்களையும் சேர்த்துக் கோரைப்பாயில் சுருட்டினார். பாயையும் மீறிக் கறை கசிந்தால்? மாரிக்கண்ணுவின் வெள்ளை வேட்டி ஒன்றை வாங்கி அதற்கு மேலும் சுற்றினார். மூன்று இடத்தில் கயிற்றால் இறுக்கி, இரண்டு பேருமாகப் பூப்போல மேலே ஏற்றிக் கட்டினார்கள்.

அத்தை பார்வதியம்மாள் இருமல் மருந்தைக் குடித்துவிட்டு வந்து பின் சீட்டில் ஏறினார். “ஏலே நடராசா, ராத்திரி பூரா பொட்டுத் தூக்கம் இல்ல. வீடு வந்தா எழுப்பு” என்று காலை மடக்கிப் படுத்தவர், ஊரைத் தாண்டுமுன்பே குறட்டை விட ஆரம்பித்தார்.

நடராஜ் மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினார். எதிரே வந்த டவுன் பஸ் ஓரம் கட்டி நின்றது. டிரைவரிலிருந்து கடைசி சீட்டுக்காரர் வரை எல்லோரும் கூரையையே பார்த்தார்கள். நடராஜ் இறங்கி ஓடிப் பார்த்தார். கேரியர் அசையவில்லை, கம்பளியும் விலகவில்லை.

கொஞ்ச தூரத்தில், சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார். அவர் கண்ணும் கூரைமேல்தான் இருந்தது.

“என்ன வே பாக்கீரு? மேல ஏதும் உரசுதா?”

“ஒண்ணும் உரசல அண்ணாச்சி. நீங்க பதறாம பைய போங்க.”

பரிவாகத்தான் சொன்னார். நடராஜுக்கோ எரிச்சலாக வந்தது. இரவல் கார் என்று என் நெற்றியிலா எழுதி ஒட்டியிருக்கிறது?

பாளையங்கோட்டைக்குள் நுழைந்ததும் போலீஸ்காரர் மற்ற வண்டிகளை எல்லாம் நிறுத்தி இவருக்கு வழிவிட்டார். அவரும் அண்ணாந்து பார்த்தார். நடராஜின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

மார்க்கெட் பக்கம் திரும்பும்போதுதான் உயிரே போனது. எதிரே ஸ்கூட்டரில் மாப்பிள்ளையின் தம்பி கணேஷ்ராம்! காரைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், முகம் வெளுத்துவிட்டது. நடராஜ் கையைக் காட்டுவதற்குள் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு பறந்துவிட்டான்.

அப்பாவிடம் கோள் சொல்லத்தான் போகிறான், வேறெதற்கு? இனித் தெரு முனையில் இறக்கி என்ன, நடுவீட்டில் இறக்கி என்ன! அடுத்தடுத்து வரன்கள் தட்டிப்போய் அமைந்த இடம் இது. காலையில் பட்டுச்சேலையை மடியில் வைத்துக்கொண்டு மதுமதி உட்கார்ந்திருந்த கோலம் நினைவுக்கு வர, அவருக்குக் கண் கலங்கியது. இரண்டு வாழைக்காக மகள் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டோமே என்று ஸ்டியரிங்கிலேயே குத்திக்கொண்டார்.

வீட்டு வாசலில் கூட்டம் கூடியிருந்தது. பந்தலில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டிருந்தார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு சிவசண்முகம் நேரே காரை நோக்கி வந்தார். அவருக்குப் பின்னால் கணேஷ்ராம் பெரிய ரோஜா மாலையோடு நின்றான்.

நடராஜ் கதவைத் திறந்து இறங்கியதுமே கையெடுத்துக் கும்பிட்டார். “மன்னிச்சிருங்க அண்ணாச்சி. உங்க பேச்சை மீறி கேரியர் மாட்டிட்டேன். ஆனா சத்தியமாச் சொல்லுதேன், ஒரு கீறல் விழல...”

“பெயிண்டு கெடக்கு, கழுதை!” என்று சிவசண்முகம் அவரை இழுத்துக் கட்டிக்கொண்டார்.

வரன் தப்பித்துவிட்டது! அந்த நிம்மதியில் நடராஜ், பிடித்துவைத்திருந்த அழுகையெல்லாம் உடைய, சம்பந்தியின் தோளிலேயே விம்மி விம்மி அழுதார்.

சிவசண்முகம் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். “மனசைத் தேத்திக்கிடும் வே. நிச்சயத்தை அடுத்த மாசம் வச்சுக்கிடுவோம். அத்தைய எப்ப எடுக்கீரு?”