பெறுநர்

தலைவர் என் கடிதத்தை வாசிக்கத் தொடங்கிவிட்டார். அது என்னுடையது என்று அவருக்கு இன்னும் தெரியாது.

தொழிற்சங்க அலுவலகத்தில் தட்டச்சு வேலை எனக்கு. மில் முதலாளிகளுக்குப் போகவேண்டிய கோரிக்கைக் கடிதங்களோடு கடிதமாக, சங்கத்தின் வழக்கமான வாசகங்களிலேயே இதையும் அடித்து, காலையில் நடுவே செருகியிருந்தேன்.

அவர் மேல் பாதியைப் பார்ப்பதே இல்லை. முகவரியெல்லாம் என் பொறுப்பு. நேராக விஷயத்துக்குப் பாய்ந்துவிடுவார்.

பதினோரு வருடமாகத் தற்காலிக ஊழியர். பணி நியமன ஆணை கிடையாது. பிரசவத்துக்குப் போன மூன்று மாதம் சம்பளம் இல்லை. திரும்பி வந்தபோது, வேறு ஆள் பார்த்திருப்போம் என்ற பேச்சு வேறு.

சத்தமாகவே படித்தார். பெஞ்சில் காத்திருந்த மில் தொழிலாளர்கள் இருவர் உச்சுக்கொட்டினார்கள்.

“அடப்பாவி, இவனெல்லாம் மனுசனா? இவனைச் சும்மா விடக்கூடாதும்மா!”

என்று தலைவர் மேசையில் ஓங்கி அடித்தார். ‘கேட்டுக்கொள்கிறோம்’ என்று நான் எழுதியதைச் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு ‘எச்சரிக்கிறோம்’ என்று மாற்றினார். பதினைந்து நாள் கெடுவை ஏழு நாளாகக் குறைத்தார்.

பதினோரு வருடம் என்று படித்தபோதாவது நிமிர்ந்து என்னைப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

வேலை போனால் போகட்டும் என்று சொல்லும் நிலையில் நான் இல்லை. வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். இருந்தும் கடிதத்தைத் திரும்பப் பிடுங்கக் கை வரவில்லை.

கையெழுத்துப் போட்டார். எந்த மில்லுக்குப் போகிறது என்று பார்க்க, கண்ணை மேலே கொண்டுபோனார்.

பெறுநர் என்பதற்குக் கீழே அவர் பெயர் இருந்தது. அதற்கும் கீழே இதே கட்டடத்தின் முகவரி.

பேனாவை மூடினார். பெஞ்சில் இருந்த தொழிலாளர்களை டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திட்டு விழப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

திட்டவில்லை. குரல் தணிந்து, பாசமாகவே வந்தது.

“முதலாளிங்க நமக்குப் போடுற பதிலையெல்லாம் ஒரு ஃபைல்ல வச்சிருப்பியேம்மா... அதுல நல்லதா ஒண்ணை எடுத்து, பேரை மட்டும் மாத்தி அடிச்சிட்டு வா.”